மலை வீட்டுக்கு எந்த சைரன்: வயர் உள்ளதா, வயர்லெஸ்ஸா?

கேள்வி: கேத்திப் பள்ளத்தாக்கின் மேல்சரிவில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. மாமனார் காலத்தில் கட்டியது. ஒன்றரை அடிக் கருங்கல் சுவர், தகரக் கூரை, உள்ளே மரப்பலகை மச்சு. நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். மார்கழிக் குளிர் தாங்காமல் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்கு இறங்கினால், மாசி முடிந்துதான் மேலே வருவோம். கிளம்பும்போது இடி மின்னலுக்குப் பயந்து மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது வழக்கம். இந்த ஆண்டு அலாரம் பொருத்துவது என்று முடிவு செய்துவிட்டோம். வெளியே வைக்கும் சைரன் விஷயத்தில்தான் குழப்பம். வயர் இழுத்த சைரன்தான் நம்பகமானது, ஆனால் சுவரைக் கொத்த வேண்டியிருக்கும் என்கிறார் எலக்ட்ரீஷியன். வயர்லெஸ் சைரன் அரை மணி நேர வேலை என்கிறார் கடைக்காரர். லண்டனில் இருக்கும் மகனோ அங்கிருந்தே ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறான். முற்றத்துக்கு அப்பால் இருபது மீட்டர் தள்ளியிருக்கும் விறகுக் கொட்டகையிலும் ஒன்று வைக்க விரும்புகிறோம். பக்கத்து வீடு என்று சொன்னால், சரிவில் சுமார் 150 மீட்டர் கீழே இருப்பதுதான். எதை வாங்குவது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கேத்தி

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா,

சைரனைப் பற்றிக் கேட்கும்போதே, கிளம்பும்போது மெயினை அணைத்துவிடுவோம் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். குன்னூரில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும் எனக்கு, கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அலாரத்தின் மூளை, வீட்டுக்குள் இருக்கும் பேனல். அதற்குள் வழக்கமாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள மூடிய லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கும். பேனலும் அதோடு இணைந்த சென்சார்களும் சும்மா விழித்திருப்பதற்கே சுமார் 150 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்கின்றன என்று வைத்துக்கொண்டால், கரண்ட் இல்லாமல் அந்த பேட்டரி தாங்கும் நேரம் கணக்குப்படி 46 மணி நேரம். அதுவும் புதிய பேட்டரிக்குத்தான். மூன்று வயதான பேட்டரி, தைமாதக் குளிரில், ஒன்றரை நாள் தாக்குப்பிடித்தாலே பெரிது. நீங்கள் மெயினை அணைத்துவிட்டு இறங்கினால், மூன்றாம் நாளிலிருந்து மாசிக் கடைசி வரை சுவரில் தொங்குவது வெறும் பெட்டிதான். வயர்லெஸ் சைரன் வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. அதற்குள் தனியாகப் பேட்டரி இருந்து அது உயிரோடு இருக்கும், ஆனால் ஒலி எழுப்பு என்று அதற்குக் கட்டளையிட வேண்டிய பேனல் செத்துப் போயிருக்கும்.

எனவே முதல் செலவு சைரனுக்கு அல்ல. பேனலுக்கென்று தனி எம்.சி.பி. (மின் பலகையில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) வைத்துத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது மற்ற எல்லா எம்.சி.பி.களையும் அணைத்துவிட்டு, அதை மட்டும் விட்டுச் செல்லுங்கள். மின்னல் பயம் நியாயமானதுதான், ஆனால் அது நீங்கள் ஊரில் இல்லாத மாதங்களுக்கு உரிய பயம் அல்ல. நம் பக்கத்தில் இடி மின்னல் வலுப்பது சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும்தான். தை, மாசியில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். இருந்தாலும் அந்த லைனில், திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் ஒரு சர்ஜ் பாதுகாப்புக் கருவி போட்டு, எர்த் குழியையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லிவிடுவது நல்லது. பாறை மேல் சற்றே மண் மூடியிருக்கும் இடங்களில், கோடையில் எர்த் பெயரளவுக்குத்தான் இருக்கும்.

இனி சைரன். வயர் உள்ளது, இல்லாதது என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் கடையில் கிடைப்பவை மூன்று வகை. முதலாவது, பேனலிலிருந்து இரண்டு வயர் மட்டும் போகும் சாதாரண ஹார்ன்; விலை குறைவு, சத்தமும் குறைவில்லை, ஆனால் வயரை வெட்டினால் ஊமையாகிவிடும். இரண்டாவதும் வயர் உள்ளதுதான், ஆனால் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறிய பேட்டரி இருக்கும். பேனலிலிருந்து இடைவிடாமல் வரும் 12 வோல்ட்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. யாராவது வயரை வெட்டினாலோ, மூடியைத் திறந்தாலோ, சுவரிலிருந்து பெயர்த்தாலோ, அடக்கம் நீங்கித் தன் பேட்டரியில் தானே அலறத் தொடங்கும். மூன்றாவது வயர்லெஸ். உங்கள் எலக்ட்ரீஷியன் முதல் வகையை மனத்தில் வைத்துப் பேசுகிறாரா, இரண்டாவதையா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

உங்கள் வீட்டுக்கு இரண்டாவது வகையைப் பரிந்துரைக்கிறேன். விறகுக் கொட்டகைக்கு மட்டும் வயர்லெஸ்.

வயர்லெஸ்ஸின் மீது எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், வயர் போக வழியே இல்லாத கான்கிரீட் வீடுகளுக்கும் நானே அதைத்தான் பொருத்துகிறேன். இப்போது வரும் நல்ல வயர்லெஸ் சைரன்கள் பேனலோடு இருவழியாகப் பேசுகின்றன. பேட்டரி தளர்ந்தால், மூடி திறக்கப்பட்டால், சிக்னல் விட்டுப்போனால் பேனலுக்குத் தகவல் சொல்லிவிடும். (மலிவான ஒருவழி சைரன்களில் இந்த வசதி இருக்காது. அவை செத்துப் போனால் அடுத்த முறை சோதிக்கும்போதுதான் தெரியவரும். அவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.) சிக்கல் எங்கே என்றால், ஆள் இல்லாத வீட்டில் பேட்டரி தளர்ந்துவிட்டது என்ற தகவல் வந்தால் ஏணி வைத்து ஏறி மாற்றப்போவது யார் என்பதில்தான். கோயம்புத்தூரில் உங்கள் கைபேசிக்கு அந்தச் செய்தி வந்து சேரும், அவ்வளவுதான்.

அந்த பேட்டரி தளரும் காலமும் நீங்கள் இல்லாத காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. சாதாரண ஆல்கலைன் செல்கள் குளிரில் சோர்ந்துபோகும். உறைநிலையை நெருங்கும்போது, குறிப்பாக சைரன் ஒலிப்பது போல ஒரே மூச்சில் அதிகக் கரண்ட் கேட்கும்போது, அவற்றின் திறனில் பெரும்பகுதி கைக்கு எட்டாது. உதகையில் ஒரு விருந்தினர் விடுதிக்கு ஆல்கலைன் செல் போட்ட வயர்லெஸ் சைரனைப் பொருத்திக் கொடுத்து நானே தலைகுனிந்திருக்கிறேன். பகல் பன்னிரண்டு மணிக்குச் சோதித்தபோது தெருவே திரும்பிப் பார்த்தது. புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த ஒரு விடியற்காலையில், விடுதிக்காரர் தற்செயலாகக் கதவைத் திறந்தபோது அது இருமுறை முனகிவிட்டு அடங்கிவிட்டது. செல்லை மாற்றுவதா என்று பார்த்தால், வெயில் ஏறியதும் அதே செல்லில் மறுபடி நன்றாகவே ஒலித்தது. லித்தியம் செல் போட்ட சைரனில் இந்தக் குறை பெரும்பாலும் இல்லை. ஆகவே எங்கே வயர்லெஸ் வாங்கினாலும் எந்த வகை செல் என்று கேட்டு வாங்குங்கள். சூரிய ஒளித் தகடு வைத்தவற்றை நம் மலைக்கு நான் சொல்வதில்லை. ஆடி மாதத்தில் வாரக்கணக்கில் மூடுபனி இறங்கி நிற்கும்போது அந்தத் தகடு எதைக் கண்டு சார்ஜ் ஏற்றும்?

அடுத்தது சுவரும் கூரையும். ஈரம் ஊறிய ஒன்றரை அடிக் கருங்கல் சுவர் ரேடியோ அலையைப் பெருமளவு விழுங்கிவிடும். தகரக் கூரை அதைத் திருப்பி அடிக்கும். பேனலை நடு அறையில் வைத்து, வெளிச்சுவரில் சைரனை மாட்டினால், இரண்டு சுவர்களையாவது தாண்டித்தான் கட்டளை போய்ச் சேர வேண்டும். போகாது என்று சொல்லவில்லை. வெயில் நாளில் நான்கு கோடு காட்டும் சிக்னல், அடைமழை நாளில் ஒன்றாகக் குறைவதைப் பல கல் வீடுகளில் பார்த்திருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது சுவரைக் கொத்த வேண்டும் என்ற பயத்துக்கு வருகிறேன். மரப்பலகை மச்சு உள்ள வீட்டில் அதற்குத் தேவையே இல்லை. பேனலுக்கு மேலே பலகையில் ஒரு துளை, அங்கிருந்து மச்சுக்கு மேலாகவே பி.வி.சி. குழாய்க்குள் வயர், கூரை முக்கோணத்தை அடைக்கும் மரப்பலகையில் இன்னொரு துளை, அதற்கு நேர் வெளியே சைரன். கருங்கல்லில் உளி படவே படாது. குழாய் இல்லாமல் வெறும் வயரை மச்சில் கிடத்துவதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், எலி விட்டுவைக்காது. வயர் வெளியே வரும் இடம் சைரன் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். ஒரு சாண் வயர் வெளியே தெரிந்தாலும், திருடனுக்கு முன்பே குரங்கு அதைப் பிடித்து இழுத்துவிடும். துளை வெளிப்பக்கம் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் சாரல் உள்ளே வழியாது. பெட்டியின் அடியில் ஈரம் வடிய விட்டிருக்கும் சிறு துளையை சிலிக்கான் வைத்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அடைத்தால், மூடுபனி உள்ளே நீராகத் திரண்டு போர்டு பச்சை பூத்துவிடும்.

வயரின் பருமனையும் பார்க்க வேண்டும். அலாரத்துக்கென்று விற்கும் மெல்லிய வயர் 0.22 சதுர மில்லிமீட்டர். பேனலிலிருந்து சைரன் வரை 30 மீட்டர் என்றால், போக வர 60 மீட்டர் செம்பு. அதன் தடை ஏறக்குறைய 4.8 ஓம். அரை ஆம்பியர் இழுக்கும் சைரனுக்கு, வழியிலேயே 2.4 வோல்ட் தொலைந்துவிடும். கரண்ட் இல்லாத இரவில் பேட்டரி 11.5 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் சைரனுக்குக் கிடைப்பது 9 வோல்ட் சொச்சம்தான். 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் அதே இழப்பு 0.7 வோல்ட்டோடு நின்றுவிடும். உள்ளே பேட்டரி உள்ள சைரனில், ஒலிப்பதற்கான பெரிய கரண்ட்டை அந்த பேட்டரியே பெரும்பாலும் கொடுத்துவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு. இருந்தாலும் வயர் இழுக்கும் கூலி ஒன்றுதான், தடித்த வயரையே இழுக்கச் சொல்லுங்கள்.

இந்த வகைக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பேனல் தரும் 12 வோல்ட்தான் சைரனை அடக்கி வைத்திருக்கிறது என்றேன் அல்லவா? காற்று மழையில் மரம் விழுந்து இரண்டு மூன்று நாள் கரண்ட் வராமல் போய், பேனலின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், சைரனைப் பொறுத்தவரை அதுவும் வயரை வெட்டியது போலத்தான். திருடன் வராமலேயே நள்ளிரவில் அலறும். மெயினை அணைத்துவிட்டுப் போகும் உங்கள் பழைய வழக்கத்தோடு இந்த சைரனைப் பொருத்தியிருந்தால், நீங்கள் மேட்டுப்பாளையம் தாண்டிய மூன்றாம் நாள் ஊரே எழுந்திருக்கும். பேனலின் சார்ஜர் தாங்குமா என்று விற்பவரிடம் கேட்டு, தாங்குமென்றால் 18 ஆம்பியர்-மணி பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள். அதே கணக்கில் ஐந்து நாள் நிற்கும். பெரிய பேட்டரி பேனல் பெட்டிக்குள் அடங்காது, பக்கத்தில் தனிப் பெட்டி வைக்க வேண்டியிருக்கும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பேனலின் பேட்டரியையும் சைரனுக்குள் இருக்கும் சிறிய பேட்டரியையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். உள்ளே இருப்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

விறகுக் கொட்டகைக்கு ஏன் வயர்லெஸ் என்றால், காரணம் மின்னல்தான். முற்றத்துக்கு மேலாகவோ வேலியோரமாகவோ இருபது மீட்டர் செம்பு வயர் திறந்த வெளியில் ஓடினால், மின்னல் நேரே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்துச் சரிவில் விழுந்தாலே அந்த வயரில் எழும் அதிர்வு நேராகப் பேனலுக்குள் பாய்ந்துவிடும். சைரன் போனால் ஒன்று, பேனலே போனால் வீடு முழுவதும் காவல் இல்லை. கொட்டகையின் முன்பக்கம் பலகைச் சுவர்தான் என்றால் சிக்னலுக்கும் தடையில்லை. இதற்கு வயர், வயர்லெஸ் இரண்டையும் ஏற்கும் கலப்புப் பேனலாக வாங்க வேண்டும். பொருத்தும் முன் அந்த வயர்லெஸ் சைரனைக் கயிற்றால் கட்டி ஒரு வாரம் அங்கேயே விட்டு, நடுவில் ஒரு மழை நாளாவது வந்து போன பிறகு, சிக்னல் அளவைப் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள்.

லண்டன் சைரனை மகனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயர்லெஸ் சைரன் தன் கம்பெனிப் பேனலோடு மட்டுமே பேசும். இங்கே வாங்கிய பேனலோடு அது பேசப் போவதில்லை. பேனலையும் சேர்த்து அங்கிருந்தே கொண்டுவந்தால், வேறு சிக்கல் எழுகிறது. நம் நாட்டில் இத்தகைய சிறு கருவிகள் உரிமம் இல்லாமல் இயங்க அனுமதிக்கப்பட்டுள்ள அலைவரிசைகளில் ஒன்று 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது; பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் விற்கும் அலாரங்களில் பல 868-க்குச் சற்று மேலே இயங்குகின்றன. எண்கள் அருகருகே இருந்தாலும், அது எல்லைக்கு வெளியே.

எங்கே மாட்டுவது என்பதில் மலை வீடுகளுக்கென்று ஒரு கவனம் தேவை. கீழ்நாட்டில் வீட்டின் எந்தச் சுவரிலும் பத்தடி உயரம் பத்தடிதான். நம் வீடுகளில் மலையை வெட்டிய பக்கம், மேட்டில் நின்றால் கூரை விளிம்பு கைக்கு எட்டும். பள்ளத்தைப் பார்த்த பக்கம், ஏணி வைத்தாலும் எட்டாது. உங்கள் சைரன் பள்ளத்தைப் பார்த்த கூரை முக்கோணத்தில் இருக்கட்டும். கேட்க வேண்டியவர்கள் இருப்பதும் அந்தத் திசையில்தான். சைரன் பெட்டியில் 110 டெசிபல் என்று எழுதியிருந்தால், அது ஒரு மீட்டர் தொலைவில் அளந்தது. தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 150 மீட்டர் கீழே உள்ள வீட்டை அடையும்போது, நடுவில் தடையே இல்லை என்றாலும், 66 டெசிபல் அளவுதான் மிஞ்சும். ஜன்னலை மூடிக் கம்பளியைப் போர்த்தித் தூங்குகிறவரை எழுப்ப அது போதுமா என்பது அவருடைய தூக்கத்தைப் பொறுத்தது. தகரக் கூரையில் மழை கொட்டும் இரவில் நிச்சயம் போதாது. ஹட்டியில், அதாவது படகர் ஊரில், வீடுகள் தோளோடு தோள் நிற்பதால் ஒரு சைரன் வரிசையையே எழுப்பிவிடும். தோட்டத்து ஓரத் தனி வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே சைரன் ஒலிக்கும் அதே நொடியில் பேனல் உங்களையும் கீழ் வீட்டுக்காரரையும் கைபேசியில் அழைக்குமாறு அமைத்துவிடுங்கள். பேனலில் போடும் சிம், உங்கள் வீட்டு மச்சடியில் எந்தக் கம்பெனிக்கு சிக்னல் நிற்கிறதோ அந்தக் கம்பெனியுடையதாக இருக்கட்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதைக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கீழ் வீட்டுக்காரரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும். சைரன் கேட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியே மேலே ஏறி வரக் கூடாது. கதவை உடைத்தது மனிதனாக இருக்கலாம், எண்ணெய் வாசனைக்கு வந்த கரடியாகவும் இருக்கலாம். ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, ஆள் என்றால் 112-க்கும், விலங்கு என்றால் வனத்துறைக்கும் தெரிவித்தால் போதும். முற்றத்தில் அசைவைக் கண்டு விழிக்கும் சென்சாரை சைரனோடு இணைக்கவே வேண்டாம். காட்டெருமை தினமும் வந்து போகும் முற்றத்தில் அது ஒரு வாரத்திலேயே ஊராரின் பொறுமையைத் தீர்த்துவிடும். கதவு, ஜன்னல் காந்த சென்சார்கள் மட்டும் சைரனை எழுப்பட்டும். ஒலி ஐந்து நிமிடத்தில் தானே நின்று, விளக்கு மட்டும் தொடர்ந்து மின்னும்படி வைத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் வகுத்திருக்கும் அளவு 45 டெசிபல். திருடனுக்காக ஒலிக்கும் ஐந்து நிமிடத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், வெறுமனே மணிக்கணக்கில் அலறினால் சொல்வார்கள்.

எல்லாம் பொருத்திய பிறகு, எலக்ட்ரீஷியனுக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், ஒரு நாள் மாலை பேனலின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு இரவு முழுவதும் பேட்டரியிலேயே விடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, குளிர் உச்சத்தில் இருக்கும்போது, கதவைத் திறந்து இரண்டு சைரன்களையும் ஒலிக்க விடுங்கள். பிறகு வீட்டு சைரனின் வயரைப் பேனலிலிருந்து கழற்றிப் பாருங்கள். அது தானாக அலற வேண்டும். முந்தின நாளே கீழ் வீட்டுக்காரரிடம் நேரத்தைச் சொல்லிவிட்டு, ஜன்னலை மூடிக்கொண்டு தம் படுக்கையறையில் இருந்தபடியே, காதில் விழுந்ததா இல்லையா என்று மட்டும் அவரைச் சொல்லச் சொல்லுங்கள். விழவில்லை என்றால், கொட்டகை சைரனை அவர் வீட்டைப் பார்த்த மூலைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, அடுத்த விடியற்காலை மீண்டும் சோதியுங்கள்.